நாச்சிமுத்துவின் பரிவட்டமும் பேசும் பெட்டியும்

ஒத்தப்பனைப் பாளையத்தில் பனைமரம் இரண்டு.

முதல் பனை ஊருக்கு முன்பே அங்கே இருந்தது. அதை வைத்துத்தான் ஊருக்கே பேர். இரண்டாவது பனை, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பின்னாளில் தானாக முளைத்துவிட்டது. ஊர் கூடியது. வெட்டிவிடலாம் என்றார்கள் சிலர். பச்சை மரத்தை வெட்டினால் பாவம். ஊர்ப் பேரை மாற்றலாம் என்றார்கள் சிலர். மாற்றினால் பஸ்காரர் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நேரே போய்விடுவார். கடைசியில் நாச்சிமுத்து எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டாவதையும் பனைன்னு சொன்னாத்தானே வில்லங்கம்? தென்னைன்னு சொல்லிப்போட்டாப் போச்சு."

அன்றிலிருந்து அது தென்னை. இளநீர் மட்டும் இன்னும் காய்க்கவில்லை. வெட்கப்படுகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

மற்ற ஊர்களில் கோயில் முதல் மரியாதை காசுள்ளவனுக்கோ பரம்பரைக்காரனுக்கோ போகும். ஒத்தப்பனைப் பாளையத்தார் அப்படிப்பட்டவர்கள் இல்லை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவன்று, ஊருக்குள் இருக்கிற எல்லாரிலும் அறிவில் பெரியவர் யாரோ, அவர் தலையில்தான் பூசாரி பட்டுப் பரிவட்டம் கட்டுவார். தென்னைத் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தலை நாச்சிமுத்துவின் தலையாகவே இருந்துவந்தது.

அவருக்கு வேறு பெருமை கிடையாது. காடு தோட்டம் கிடையாது. காலையில் சாவடிக்கு வந்து உட்காருவார். யார் எதைக் கேட்டாலும் சொல்வார். பொழுது சாயும்போது எழுந்து போவார். அந்த ஒரு நாள் பரிவட்டத்துக்காக வருஷம் பூராவும் தலையை வெயிலில் காட்டாமல் காப்பாற்றி வந்தார். அவர் பெண்டாட்டி தொட்டம்மாள் அந்தத் தலைக்கு எண்ணெய் வைப்பதைக் கூடக் கோயில் காரியம் மாதிரி குளித்துவிட்டுத்தான் செய்வாள்.

இப்படி இருக்கையில் ஊருக்குப் பெட்டி வந்தது.

கொண்டுவந்தவர் தினகர் என்கிற கம்பெனிக்காரர். உழவர்களுக்கு யோசனை சொல்லும் பெட்டி என்றார். பெட்டியின் முகத்தில் கண்ணாடி பதித்த ஒரு கண். உச்சந்தலையில் காற்றுப் போகப் பொடி ஓட்டைகள். நடுவிலிருந்து ஒரு பெண்குரல். சாவடியில், நாச்சிமுத்து உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே அதை வைத்துவிட்டு, கூரைமேல் சோலார் தகட்டையும் மாட்டினார் தினகர். பிறகு ஊராரைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

"இத ஒரு குழந்தை மாதிரி பாத்துக்கங்க. வெச்ச எடத்த விட்டு நகத்தாதீங்க. தண்ணி மட்டும் மேல படவே கூடாதுங்க. நீங்க செய்யறதப் பாத்து, பேசறதக் கேட்டு, அது தானாவே கத்துக்கும். தப்பாச் சொன்னாத் திருத்துங்க, திருத்திக்கும். வர்ற நோம்பிக்குள்ள பாருங்க, உங்க எல்லாரையும் விடப் பெரிய அறிவாளி ஆயிடும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தபடி பஸ் ஏறிப் போய்விட்டார். நல்ல மனுஷர்தான். எந்த ஊரில் எதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் தெரியாது.

குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ளச் சொன்னதால் தொட்டம்மாள் அதற்குப் பவுடர் பூசினாள். திருஷ்டிப் பொட்டு வைத்தாள். கண்ணுக்கு மை தீட்டினாள்; ஒற்றைக் கண்தானே என்று கொஞ்சம் தாராளமாகவே தீட்டினாள்.

"கண்ணாடியைத் துடைக்கவும்" என்றது பெட்டி.

குப்புராசுதான் ஊரில் கண்ணாடி போட்டவர். உடனே கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கண்ணாடியைத் துடைக்கவும்" என்றது பெட்டி மறுபடி. கோயிலில் அம்மனுக்குக் காட்டுகிற கண்ணாடியைத் துடைத்தார்கள். சலூன் கண்ணாடியைத் துடைத்தார்கள். வந்த பஸ்ஸை மறித்து அதன் கண்ணாடிகளையெல்லாம் துடைத்து அனுப்பினார்கள். பெட்டி விடவில்லை. கடைசியில் அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்வதுபோலத் தொட்டம்மாள் அதன் முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். பெட்டி நன்றி சொல்லி அடங்கியது.

"பாத்தீங்களா, பெத்தவ மனசு" என்று எல்லாரும் மெச்சினார்கள்.

நாச்சிமுத்து மட்டும் மெச்சவில்லை. கம்பெனிக்காரர் சொன்ன கடைசி வாக்கியம் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சாவடிக்குப் பின்னால், பெட்டியின் கண்ணுக்கு எட்டாத வேப்பமரத்தடிக்குக் குப்புராசுவையும் வெள்ளியங்கிரியையும் கூட்டிப் போனார். வெள்ளியங்கிரிதான் கோயில் பூசாரி. பரிவட்டம் கட்டுகிற கை அவருடையது.

"ஒரு மெஷினு மனுசனை விட அறிவாளி ஆவ முடியுமா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் நாச்சிமுத்து.

குப்புராசு நிதானமாக யோசித்தார். "எங்க ஊட்டுல கிரைண்டர் இருக்குதுங்ணா. அதுவும் மெஷினுதானுங்க. அது மாவாட்டுது. நீங்க மாவாட்டுவீங்களா?"

"நான் எதுக்கு ஆட்டறேன்?"

"அவ்வளவுதானுங்க. அது வேலை செய்யுது, நீங்க செய்யறதில்ல. அப்ப ஆரு அறிவாளி? வேலை செய்யாதவுங்கதானுங்க அறிவாளி! எந்த மெஷினு வந்தாலும் பயமில்லீங்ணா."

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள விடாமல் வெள்ளியங்கிரி சொன்னார்:

"ஆனா இந்தப் பெட்டி எந்த வேலையும் செய்யறதில்லீங்களே. சாவடியில உக்காந்துட்டு, கேட்டதுக்குப் பதில் சொல்லுது. அதுதானுங்க நீங்களும் செய்யறது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மற்றவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். நாச்சிமுத்துவுக்கோ தலைப்பாகைக்கே வந்துவிட்டது.

"அப்ப பரிவட்டம் பெட்டிக்கா போவும்?" என்று கேட்டார், தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"ஊருக்குள்ள இருக்கற எல்லாரிலும்னுதானுங்க வழக்கம். பெட்டியும் ஊருக்குள்ளதானே இருக்குது" என்றார் வெள்ளியங்கிரி. அவருக்கும் வருத்தம்தான், ஆனால் வழக்கம் வழக்கம்.

"தூக்கி ஊருக்கு வெளிய வெச்சுப்போடலாங்களா?"

"வெச்ச எடத்த விட்டு நகத்தக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரே, குப்புராசு!" என்றார் நாச்சிமுத்து.

"அதுவும் நாயந்தானுங்க."

நாச்சிமுத்து கண்ணை மூடினார். இரண்டாவது பனைக்கு வழி கண்டுபிடித்த தலையல்லவா? கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். "நம்மளப் பாத்துத்தானே அது கத்துக்குது? நம்ம அறிவ அது கண்ணுல காட்டாம ஒளிச்சுட்டா? அது முன்னால எல்லாரும் முட்டாளாட்ட நடந்துக்கோணும்!"

குப்புராசு பரவசமாகிவிட்டார். ஆனால் உடனே முகம் வாடினார். "அண்ணா, முட்டாளுன்னா எப்படி இருப்பான்? நம்ம ஊர்ல ஒருத்தனும் கெடையாதே, ஆரப் பாத்து நடிக்கறது?"

இது பெரிய சிக்கல். பக்கத்து ஊரிலிருந்து ஒரு முட்டாளை வாடகைக்கு எடுக்கலாமா என்று கூடப் பேசினார்கள். முடிவில் நாச்சிமுத்து தீர்ப்பைச் சொன்னார்: "நாம எப்பவும் எத எப்படிச் செய்வமோ, பெட்டி முன்னால அத நேர் மாறாச் செய்யோணும். அறிவுக்கு எதிர்ப்பக்கம் வேற என்ன இருக்கும்?"

மறுநாளே ஊர் முட்டாளாக மாறத் தொடங்கியது.

ஒத்தப்பனைப் பாளையத்தில் தண்ணீர் இறைக்க அடி ஓட்டை வாளிதான் புழக்கம். மேலே வரவர வாளி லேசாகும், கை வலிக்காது. சாவடிக்கு எதிரே உள்ள கிணற்றில் மட்டும் இப்போது முழு வாளியைக் கட்டினார்கள். குப்புராசு மூச்சு வாங்க இறைத்தார். மாட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தது.

"என்ன கனம், என்ன கனம்! முட்டாளா இருக்கறது லேசுப்பட்ட வேலையில்லீங்ணா" என்றார்.

மழை வந்தால் ஊரில் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள், நனைந்து வீணாகிவிடக் கூடாதே என்று. சாவடியைத் தாண்டும்போது மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குடையை விரித்தார்கள். தாண்டியதும் மடக்கி, துடைத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

மேய்ச்சலுக்கு ஆட்டைத் தோளில் சுமந்து போவது வழக்கம். நடந்தால் ஆடு இளைத்துவிடும். பெட்டி முன்னால் நடக்க விட்டார்கள். நடக்கத் தெரியும் என்பதே அந்த ஆடுகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துள்ளிக்கொண்டு ஓடின.

நிலக்கடலை விதைத்தால் முளைத்ததா என்று தினமும் காலையில் ஒவ்வொரு கடலையாகத் தோண்டிப் பார்த்து மறுபடி மூடுவார்கள். அக்கறையில்லாமல் வெள்ளாமை ஏது? சாவடிக்கு எதிர்த்த கடலைக்காட்டில் மட்டும், மனசு கேட்காவிட்டாலும், விதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். சில நாளில் காடு முழுக்கப் பச்சையாக முளைத்துக் கிடந்தது.

வெள்ளியங்கிரி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நடிப்புக்குத்தானுங்க செஞ்சோம். மண்ணு நெசம்னு நம்பிப்போட்டுது, பாவம்."

இதில் ஒரு ஆபத்து முளைத்தது. அது தொட்டம்மாளிடமிருந்து வந்தது. முழு வாளியில் தண்ணீர் எடுத்துப் பழகிய பிறகு, வீட்டுக் கிணற்றின் ஓட்டை வாளியைக் கையில் எடுக்கவே அவளுக்குச் சலிப்பாக இருந்தது. ஒருநாள் சோறு போடும்போது மெல்லச் சொன்னாள்:

"ஏனுங்க மாமா, முட்டாளா இருக்கறது ஒரு விதத்துல சௌகரியமாத்தான் இருக்குதுங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். "அப்படித்தான் தொட்டம்மா ஆரம்பிக்கும்! சாவடியில நடி. ஊட்டுக்குள்ள அறிவோட இரு. இந்தத் தலையில பட்டு ஏறறது உனக்குப் பெருசா, ஒரு வாளித் தண்ணி பெருசா?"

தொட்டம்மாள் அந்தத் தலையைப் பார்த்தாள். ஆசை ஆசையாக எண்ணெய் வைத்து வளர்த்த தலை. ஓட்டை வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

நோம்பி வந்தது. மாவிளக்கும் மேளமுமாகக் கோயில் நிறைந்துவிட்டது. தன் பெட்டி எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கத் தினகரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாவடிக்கு எதிரே பச்சைக் காட்டையும் நிரம்பிய தொட்டியையும் கண்டு அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊராரின் நடிப்பு அவ்வளவு கச்சிதம்.

பரிவட்டத்தைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வெள்ளியங்கிரி சாவடிக்கே வந்தார். பெட்டியைத்தான் நகர்த்தக் கூடாதே. ஒரு பக்கம் பெட்டி. எதிர்ப் பக்கம் நாச்சிமுத்து, நெற்றி நிறையத் திருநீறும் நெஞ்சு நிறையப் பயமுமாக. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது.

"மழை பெய்யுது. கையில குடை இருக்குது. என்ன செய்யோணும்?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"குடையை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றது பெட்டி.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நாச்சிமுத்து எழுந்தார். "மடக்கிக் கக்கத்துல வெச்சுக்கோணும். நாம நனைஞ்சா நாம காஞ்சுக்குவோம். குடைய நனைச்சா அப்பறம் குடைக்கு ஆரு குடை புடிக்கறது?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"தண்ணி எறைக்க எந்த வாளி?"

"ஓட்டையில்லாத வாளி."

பெண்கள் 'உச்' கொட்டினார்கள். பெட்டிக்குப் பவுடர் பூசிய பாசத்தில் தொட்டம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளியங்கிரி கடைசிக் கேள்வியைக் கேட்டார். "நம்ம ஊர்ல பனைமரம் எத்தனை?"

"இரண்டு" என்றது பெட்டி.

இதற்கு யாரும் சிரிக்கக் கூட இல்லை. அவ்வளவு பரிதாபமாக இருந்தது. நாச்சிமுத்து மட்டும் பெருந்தன்மையோடு, "ஒரு பனை, ஒரு தென்னை" என்று மெதுவாகச் சொன்னார்.

தினகருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பெட்டி சொன்னது அத்தனையும் சரிங்க!"

வெள்ளியங்கிரி அவர் தோளில் கை வைத்தார். "தம்பி, பனை ரெண்டுன்னா ஊருப் பேரு என்னாவறது? யோசிச்சீங்களா?"

தினகர் நிஜமாகவே அதை யோசித்திருக்கவில்லை.

மேளம் கொட்டியது. வெள்ளியங்கிரி நாச்சிமுத்துவின் தலையில் பட்டைச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே, கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்ததால், ஒரு கடமையாகப் பெட்டியைப் பார்த்து, "நீ சொன்னதெல்லாம் தப்பு சாமி. அண்ணன் சொன்னதுதான் சரி" என்றார்.

"திருத்தியதற்கு நன்றி. கற்றுக்கொண்டேன்" என்றது பெட்டி.

தினகர் பதறிப்போனார். "என்னத்தக் கத்துக்கிட்ட? சொல்லு, ஊர்ல பனை எத்தனை?"

"ஒன்று. மற்றது தென்னை. வெட்கத்தால் இன்னும் காய்க்கவில்லை."

மேளம் தானாக நின்றது. தென்னையின் வெட்கத்தைப் பற்றி அந்தப் பெட்டியிடம் அதுவரை யாருமே மூச்சுவிட்டதில்லை.

"தானா யோசிச்சிருக்குது!" என்றார் குப்புராசு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஊரே வெளிறிப்போயிற்று. ஒரே நொடியில் பெட்டி அறிவாளியாகிவிட்டது. வெள்ளியங்கிரியின் கை பாதிச் சுற்றிலேயே நின்றது. நாச்சிமுத்து தொங்கும் பட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, பறித்துவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சொன்னால் என்ன, எனக்கே அந்த இடத்தில் அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

"ஒரு பரிவட்டம், ரெண்டு அறிவாளி. இப்ப என்னுங்க பண்றது?" என்றார் வெள்ளியங்கிரி.

குப்புராசுதான் காப்பாற்றினார். "ஒரு ஊரு, ரெண்டு பனைன்னு வந்தப்ப என்ன பண்ணுனோம்? பின்னால வந்ததுக்குப் பேர மாத்துனோம். இதையும் அப்படியே பண்ணிப்போடலாம். இனிமே இது பெட்டியுமில்ல, அறிவாளியுமில்ல. இது கிரைண்டர்!"

ஊர் ஆரவாரம் செய்தது. வெள்ளியங்கிரி முறைப்படி பெட்டியிடம் திரும்பி, "நீ கிரைண்டர்" என்றார்.

"திருத்தியதற்கு நன்றி. நான் கிரைண்டர்" என்றது அது, பணிவாக.

பட்டின் மீதிச் சுற்றும் ஏறியது. தினகர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வெளியே தூறல் போட்டது. கையில் குடை இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், மடக்கியபடியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் தொட்டம்மாள், ஊரில் புதுக் கிரைண்டர் இருக்கும்போது எதற்காக ஆட்டுக்கல்லோடு மாரடிப்பது என்று, ஊற வைத்த இட்லி அரிசியைச் சாவடிக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் படக் கூடாது என்று கம்பெனிக்காரர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அது பெட்டிக்குச் சொன்னது. கிரைண்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் எப்படி? உச்சந்தலை ஓட்டைகளின் மேல் அரிசியைத் தண்ணீரோடு தாராளமாகக் கொட்டினாள். 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

நெடுநேரம் காத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நாச்சிமுத்து பரிவட்டத்தை இன்னும் கழற்றவில்லை. அதோடுதான் தூங்கி எழுந்திருந்தார்.

"ஏனுங்க மாமா, அந்தக் கிரைண்டர் மாவே ஆட்டலீங்க."

"ஆட்டலையா?"

"அரிசி போட்டது போட்டபடியே கெடக்குதுங்க."

நாச்சிமுத்துவின் முகம் மெல்ல மாறியது. "வேலையே செய்யலையா?"

"ஒரு வேலையும் செய்யலீங்க. கூப்புட்டாப் பேசக் கூட இல்லீங்க. சும்மா உக்காந்திருக்குது."

நாச்சிமுத்து எழுந்தார். நேரே சாவடிக்கு நடந்தார். தலையில் ஈர அரிசியோடு அசையாமல் இருந்த அதை மேலும் கீழும் பார்த்தார். தானாவது எதையாவது பேசுகிறவர். இது அந்த வேலையைக் கூட விட்டுவிட்டது. குப்புராசு கணக்கில் வேலை செய்யாததுதானே அறிவாளி? நேர்மையான மனுஷர் அவர். பரிவட்டத்தை அவிழ்த்து அதன் தலையில் தானே கட்டி, விழுந்து கும்பிட்டார்.

அதற்காக அவர் விட்டுவிடவில்லை. அடுத்த நோம்பிக்கு இன்னும் நாளிருக்கிறது. இப்போது நீங்கள் ஒத்தப்பனைப் பாளையத்துக்குப் போனால், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பார்க்கலாம்: சாவடியில், பரிவட்டம் கட்டிய பெட்டிக்கு நேர் எதிரே, வாயை இறுக மூடிக்கொண்டு நாச்சிமுத்து உட்கார்ந்திருக்கிறார். தொட்டம்மாள் தினமும் காலையில் வந்து, எண்ணெய் வைத்த அந்தத் தலையில் ஊற வைத்த அரிசியைக் கொட்டிவிட்டுப் போகிறாள். அவர் அதை அரைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.